சித்திரக் குதிரை ஓடுமா?

திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்து 1998 முதல் வெளிவந்த மிட்சுபிஷி லான்ஸர், டாக்டர்களும் வக்கீல்களும் குடும்பத்தோடு ஏறிக் கல்யாணங்களுக்கும் க்ஷேத்திராடனத்துக்கும் போய்வந்த, பெரும்பாலும் தொண்ணூறு குதிரைத் திறனைக்கூட எட்டாத, பரம சாதுவான வண்டி. அந்த வண்டிக்கு ஜப்பானில் ஓர் உக்கிரமான உடன்பிறப்பு இருந்தது. லான்ஸர் எவல்யூஷன் என்ற பெயருடன், இரண்டு லிட்டர் டர்போ என்ஜினும், நான்கு சக்கரங்களுக்கும் பாயும் விசையும், ஏறத்தாழ 280 குதிரைத் திறனும் கொண்டு, ராலிப் பந்தயங்களுக்கென்றே பிறந்த அதை ஓட்டித்தான் ஃபின்லாந்து வீரர் டாமி மாக்கினென் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் உலகப் பட்டத்தைத் தம் வசம் வைத்திருந்தார். அவர் பெயரால் வெளியிடப்பட்ட ஆறாம் எவல்யூஷனின் விசேஷப் பதிப்பு, தார்ச் சாலை ராலிக்கு ஏற்றவாறு உடல் தாழ்த்தப்பட்டு வந்தது. இந்தப் பதிப்பின் மீது தீராத மோகம் கொண்ட பெங்களூர் இளைஞர்கள், விலை சரிந்து கிடக்கும் திருவள்ளூர் லான்ஸர் ஒன்றை வாங்கி, டிங்கர் வேலை செய்து, பட்டி பார்த்து, பம்பரும் ஸ்பாய்லரும் பொருத்தி, கையிலும் கடனிலும் பணம் உள்ளவர்களானால் என்ஜினையும் கியர்பெட்டியையும்கூட மாற்றி, தங்கள் உள்ளத்தில் உள்ள வண்டியைக் கண்முன் நிறுத்தப் பார்க்கிறார்கள். இவ்வாறு நிற்பது என்ன வஸ்து, அது மெய்யா பொய்யா என்ற கேள்வி, மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியதாகத் தோன்றினாலும், உண்மையில் நம் தர்க்க சாஸ்திரிகளிடம் கொண்டுபோக வேண்டிய கேள்வி.

இது பெங்களூரில் எழுவது தற்செயலன்று. வால்சந்த் ஹிராசந்த் 1940-இல் இந்நகரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவரே 1944-இல் பம்பாயில் ஆரம்பித்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பின்னாளில் இத்தாலியரின் ஃபியட் 1100-ஐப் பத்மினி என்ற பெயரில் நம் வீதிகளில் உலவவிட்டது. இங்குள்ள விமானத் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் வகுத்த நாட் போர் விமானம் உரிமம் பெற்றுக் கட்டப்பட்டது. 1953-இல் தோன்றிய எச்.எம்.டி., சிட்டிஸன் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் துணையோடு 1961 முதல் கைக்கடிகாரம் செய்தது. அந்நியர் வரைந்த படத்தை விரித்துவைத்து அதன்படி நம்மவர் கையால் செய்து முடிப்பதே இந்நகரத்தை வளர்த்த வித்தை. அந்த வித்தையில் மூத்த தலைமுறை தேர்ந்து ஓய்ந்தபின், அதே லேத்துப் பட்டறைகளிலும், ஜே. சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் இளையவர்கள் மோகத்துக்காக அதைச் செய்கிறார்கள்; முன்னது தேசிய முன்னேற்றம், பின்னது பைத்தியம் என்று பிரித்துப் பேசுவதற்கு நியாயம் அதிகம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சென்னையில் 1955 முதல் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் கதை இன்னும் வினோதமானது. 1970-களின் தொடக்கத்தில் தாய் நிறுவனம் இங்கிலாந்தில் அஸ்தமித்துவிட, பிரதியாகப் பிறந்ததே மூலத்தின் பெயரையும் புகழையும் சுமந்துகொண்டு இன்றளவும் ஓடுகிறது.

ஒன்பதாம் நூற்றாண்டில் காச்மீரத்தில் வாழ்ந்த சங்குகர் என்ற நாட்டிய சாஸ்திரி, சித்திரக் குதிரையை உவமையாக வைத்து ஒரு நுட்பம் சொன்னார். சுவரில் தீட்டிய குதிரையைப் பார்த்து 'குதிரை' என்கிறோம். அங்கே உயிருள்ள குதிரை இல்லையென்று அறிந்தே சொல்வதால் அது மெய்யறிவன்று; ஏமாந்து சொல்லாததால் பொய்யறிவுமன்று; இதுவோ அதுவோ என்ற ஐயமும் அங்கே இல்லை; 'குதிரையைப் போன்றது' என்று ஒப்புமை பேசவும் நம் நாக்கு எழுவதில்லை. இந்நான்கிலும் அடங்காத ஓர் அறிவினாலேயே மேடையில் நிற்கும் நடனை ராமன் என்று நாம் கொள்வதாகச் சங்குகர் வாதித்தார். பம்பரையும் ஸ்பாய்லரையும் மட்டும் மாற்றிக்கொண்டு, உள்ளே பழைய சாது என்ஜினோடு கப்பன் பார்க்கைச் சுற்றிவரும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது. அதைக் கண்டு பொய் என்று சீறுபவன் நாடகக் கொட்டகையில் எழுந்து நின்று 'இவன் ராமனல்லன்' என்று கூவுபவனுக்குச் சமானம்.

ஆயினும் சங்குகரின் கட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அபிநவகுப்தரின் ஆசானாகிய பட்ட தௌதர், ராமனை ஒருபோதும் கண்டிராத நடன் எதைப் பார்த்து அனுகரிக்கிறான் என்று கேட்டு அதைக் கவிழ்த்தார். பெங்களூர்ப் பையனும் மாக்கினெனின் வண்டியை நேரில் கண்டவனல்லன். அவன் பார்த்தது திரையில் ஓடிய நிழலையே. போகட்டும், அந்த மூலமாவது கலப்பற்ற மூலமா என்று விசாரித்தால் அங்கும் கால் வழுக்குகிறது. அக்காலத்துச் சர்வதேசப் பந்தய விதி, கடைவீதியில் விற்கும் வண்டியே ராலிக்கு வரவேண்டும் என்றும், அவ்வகையில் குறைந்தது 2500 வண்டிகள் செய்திருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. பந்தயத்துக்கு வேண்டியதை முன்னதாக மனத்தில் வகுத்துக்கொண்டு, விதியின் வாயை அடைப்பதற்காகக் கடைவீதி வண்டியைச் செய்தார்கள். அதையும் சாதாரண லான்ஸரின் உடற்கூட்டை எடுத்து, வலுவூட்டித்தான் செய்தார்கள். ஆக, எவல்யூஷன் என்பதே உருமாற்றப்பட்ட குடும்ப லான்ஸர். பெங்களூர்ப் பட்டறையில் நடப்பது, ஜப்பானில் பெரும் பொருட்செலவில் ஒரு தரம் நடந்த காரியத்தின் மறுநிகழ்ச்சி. மூலமே ஒரு மாறுவேஷமாக இருக்கும்போது பிரதியை மட்டும் மாறுவேஷம் என்று குற்றஞ்சாட்டுவது எங்ஙனம்?

வண்டியைப் பற்றிய இந்த வழக்கு நம் தேசத்தில் மிகப் பழைமையானது. யவன மன்னன் மிலிந்தனிடம் பௌத்த பிக்ஷு நாகசேனர், 'நீர் தேரில் வந்ததாகச் சொன்னீரே, ஏர்க்கால் தேரா, அச்சு தேரா, சக்கரம் தேரா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இவை எதுவும் தேரன்று, இவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை, இவையெல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்று மன்னன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தார். நியாய தரிசனத்தைச் சார்ந்த நையாயிகர்கள் இதற்கு இசையவில்லை. உறுப்புகளின் வேறாக 'அவயவி' என்ற முழுப்பொருள் ஒன்று புதிதாகப் பிறக்கிறது. அதனால்தான் பாரத்தை ஒரே பொருளாக இழுக்கிறோம், ஒரே பொருளாகப் பார்க்கிறோம் என்றார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர்கள் வரிசையாக வந்து தத்தம் திறம் உரைப்பதைப் படித்த தமிழருக்கு இந்தச் சண்டையின் சுவை புதிதல்ல.

இதே சண்டை 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்துக்கு வந்து, பணப்பெறுமதியோடு தீர்ப்பையும் பெற்றது என்பதை நம் பண்டிதர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். 'ஓல்டு நம்பர் ஒன்' என்று புகழ்பெற்ற பென்ட்லி வண்டி 1929-லும் 1930-லும் பிரான்ஸ் தேசத்து லே மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் பந்தயத்துக்குப் பந்தயம் அதன் பாகங்கள் மாற்றப்பட்டன, 1932-இல் புரூக்லாண்ட்ஸ் மைதானத்தில் ஓட்டியவர் உயிரையே பறித்த கோர விபத்தில் சிதைந்தது, மறுபடி கட்டப்பட்டது. ஒரு கோடி பவுன் விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இது லே மானில் வென்ற வண்டியே அன்று என்று பின்வாங்க, வழக்கு ஓட்டன் என்ற நீதிபதியிடம் போயிற்று. லே மானில் ஓடிய உலோகத்தில் மிகச் சொற்பமே எஞ்சியிருந்தும், வண்டி ஒருநாளும் இல்லாமற்போய்ப் பிறகு உண்டானதன்று, இடைவெளியின்றி ஒரே வண்டியாகவே வளர்ந்து மாறிவந்தது என்பதால், இது அதுவே என்று அவர் தீர்த்தார். நாகசேனர் உறுப்புகளை எண்ணினார். ஓட்டன் ஜாதகத்தைப் படித்தார். உறுப்புகள் போனாலும் ஜாதகம் அறாதிருந்தால் வண்டி அதுவே என்பது தீர்ப்பின் சாரம்.

ஜாதகம் அறுந்துபோன இடத்தில் என்ன சொல்வது? ஜாகுவார் கம்பெனி 1963-இல் இலேசான உடலுடைய ஈ-டைப் பந்தய வண்டிகளுக்குப் பதினெட்டு எண்களை ஒதுக்கிப் பன்னிரண்டை மட்டும் செய்தது. எஞ்சிய ஆறு எண்களும் ஏட்டில் உறங்க, அரை நூற்றாண்டு கழித்து 2014-இல் அந்த எண்களைத் தட்டி எழுப்பி ஆறு வண்டிகளைக் கட்டிக் கொடுத்தது. செய்தவர் பெயர் அதே, எண் அதே, வரைபடம் அதே. அன்று கைவைத்த தொழிலாளிகள் இல்லை, அன்றைய காலமும் இல்லை. வேதாந்திகள் 'அந்தத் தேவதத்தன் இவனே' என்ற வாக்கியத்தை உதாரணமாக எடுத்து ஆராய்வார்கள். நையாயிகர்களும் இத்தகைய அறிதலை நம்பி, நேற்றுக் கண்டவனும் இன்று காண்பவனும் ஒருவனே என்பார்கள். பௌத்தர்களோ, மழித்தபின் முளைத்த மயிரையும், கணந்தோறும் புதிதாக எரியும் தீபச் சுடரையும் காட்டி, ஒத்திருப்பதை ஒன்றென்று மயங்குகிறீர்கள் என்று மறுப்பார்கள். ஜாகுவாரின் ஆறு வண்டிகளும் முளைத்த மயிரே என்பது என் அபிப்பிராயம். ஆனால் கம்பெனி செய்தால் 'தொடர்ச்சி', பெங்களூர்ப் பையன் செய்தால் 'நகல்' என்று உலகம் இரண்டு தராசு வைத்திருப்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூலம் என்ற ஒற்றைப் பொருளின்மேல் இவ்வளவு அபிமானம் நம் சிற்ப மரபில் இல்லை. சுவாமிமலை ஸ்தபதி நடராஜ விக்கிரகம் வார்க்கும்போது, முன்னால் இருந்த எந்த விக்கிரகத்தையும் அவர் நகல் எடுப்பதில்லை. தியான சுலோகமும் தாலப் பிரமாணமும் அவருக்கு மூலம். மெழுகில் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி ஓட்டி, உலோகம் ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்துவிடுகிறார். அந்த அச்சிலிருந்து மற்றொரு மூர்த்தி பிறக்க வழியில்லை. இலக்கணம் ஒன்று, அதற்கு இலக்கியமாகும் மூர்த்திகள் அநேகம், ஒவ்வொன்றும் சமமாகவே நடராஜர். தென்பாண்டி நாட்டில் பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதருக்குத் தென்காசியில் கோயில் எடுத்தபோது, காசிக்குப் போலி செய்துவிட்டான் என்று எவரும் வசைபாடியதில்லை. அந்தக் கோயிலின் ராஜகோபுரம் பிற்காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990-இல் புதிதாக எழுப்பப்பட்டதே. அதன் நிழலில் நடப்பவர் எவரும் இது பாண்டியன் கட்டியதன்று என்று கும்பிட மறுப்பதில்லை. திருப்பணிக் காலத்தில் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்துக்கும் பின்னர்ப் பாலாலயத்தில் ஒரு சித்திரப் பலகைக்கும் மாற்றி, கும்பாபிஷேகத்தன்று மறுபடி மூலஸ்தானத்துக்குக் கொண்டுவருகிறோம். பூரி ஜகந்நாதருக்கு மரத் திருமேனியே புதிதாக மாற்றப்படுகிறது, கடைசியாக 2015-இல் மாற்றினார்கள். பொருள் மாறலாம், சந்நிதி மாறாது என்பதே இவற்றின் உட்கிடை.

இந்த ஒப்புமையை நீட்டி, லான்ஸரும் ஓர் அர்ச்சை என்று சொல்லிவிட ஆசை எழும். அந்த ஆசைக்கு இடங்கொடுக்கலாகாது. விக்கிரகத்தில் ஆவாகனம் செய்யப்படுவது எங்கும் நிறைந்த ஒன்று. அது ஆயிரம் இடங்களில் முழுமையாக இருந்தாலும் குறைவதில்லை. மாக்கினெனின் 1999-ஆம் வருஷத்து ராலி வெற்றி அப்படிப்பட்டதன்று. அது ஒரு சாலையில், ஒரு வானிலையில், ஒரு மனிதனின் கையால் ஒரே தரம் நடந்தது. எந்த மந்திரமும் அதைச் சிவாஜிநகர்ப் பட்டறைக்குக் கொண்டுவராது. பிரதி செய்பவன் பெறக்கூடியது இலக்கணத்தை மட்டுமே: இத்தனை அகலம், இத்தனை எடை, தரையிலிருந்து இத்தனை உயரம், வளைவில் இப்படிச் சாய வேண்டும் என்ற தால அளவுகளை. சரித்திரத்தை அவன் பெற முடியாது. பெற்றதாகப் பாவனை செய்யும்போதுதான் குற்றம் பிறக்கிறது. கோயம்புத்தூர் கரிவரதன், 1995-இல் மறைந்தவர், மாருதி 800-இன் என்ஜினை எடுத்து, தாமே வகுத்த ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியில் வைத்து, ஃபார்முலா மாருதி என்று பெயரிட்டு ஒரு தலைமுறை ஓட்டிகளை உருவாக்கினார். அவர் எந்தச் சரித்திரத்தையும் கடன் கேட்கவில்லை. அந்தப் பெருமை பிரதி செய்பவனுக்கு வராது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பெருமை வராவிடினும் உண்மை வரலாம். ஏழாம் நூற்றாண்டில் விளங்கிய தர்மகீர்த்தி, தென்னாட்டில் பிறந்தவரென்று திபெத்திய மரபு கூறும் பேரறிஞர், மெய்ப்பொருளுக்கு ஒரே அடையாளம் சொன்னார்: காரியம் செய்ய வல்லதே மெய். கானல் நீர் தாகம் தீர்ப்பதில்லை, ஆகவே அது நீரன்று. எது தாகத்தைத் தீர்க்கிறதோ அது எங்கிருந்து வந்தாலும் நீர். சித்திரக் குதிரைமேல் ஏறிச் சவாரி செய்ய முடியாது. என்ஜினும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் முறையாக மாற்றப்பட்ட லான்ஸரிலோ ஏறி ஓட்டலாம். தார்ச் சாலை வளைவில் அது பிடித்து நிற்கும். ராலியின் ஒவ்வொரு கட்டத்து முடிவிலும் நிற்கும் கடிகாரம் வண்டியின் கோத்திரம் கேட்பதில்லை. ஆயுத பூஜையன்று பெங்களூரில் வாழைக் கன்று கட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, சாம்பல் பூசணியை உடைத்துச் சிதறவிடும் பட்டறைக்காரர்களும் கேட்பதில்லை. லேத்தும் ஸ்பானரும் பிரதி வண்டியும் ஒரே வரிசையில் பூஜை பெறுகின்றன. தொழில் செய்வது எதுவோ அது வணக்கத்துக்குரியது என்ற அந்த எளிய வழிபாட்டில், தர்மகீர்த்தியின் கொள்கை அவர் பெயர் தெரியாமலே வாழ்கிறது என்று சொல்லத் துணிகிறேன்.

காரியம் செய்வது மெய்யென்றால், கேடு செய்வதும் மெய்யே. சிசிலியில் 1906 முதல் 1977 வரை நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தைப் பின்பற்றி, டார்கா என்ற பெயரையே சூட்டி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் 1992-இல் ஒரு தார்ச் சாலை ராலியைத் தொடங்கினார்கள். பந்தயமே ஒரு பிரதி. ஊதியம் வாங்காமல் ஆசைக்காக ஓட்டுபவர்கள், அவரவர் வண்டிகளோடு, அடைக்கப்பட்ட பொதுச் சாலைகளில் அங்கே ஓடினார்கள். 2021-இல் மூவரும் அடுத்த ஆண்டில் ஒருவரும் அப்பந்தயத்தில் உயிரிழந்தார்கள். மண் சாலையில் வழுக்கினால் வேகம் குறைந்து வரப்பில் முட்டுவதற்கு ஓரளவு அவகாசம் உண்டு. தார்ச் சாலையில் டயர் இறுகப் பற்றிக்கொண்டே இருந்து, பிடி விடும்போது முழு வேகத்தோடு விடுகிறது, ஓரத்தில் மரம் இருக்கிறது. பிரதி வண்டி மரத்தில் மோதும்போது உடைகிற விலா எலும்பு பிரதியன்று. முகப்பை அச்சாகப் பிரதி செய்துவிட்டு, ஓட்டியைக் காக்க வேண்டிய ரோல் கேஜை அழகுக்கு வைத்த குழாயாகவும் பிரேக்கைத் திருவள்ளூரில் வந்தபடியேயும் விட்டவன், சித்திரக் குதிரையில் சேணம் பூட்டி ஏறியவன்.

நம் சட்டம் இவ்விஷயத்தில் நையாயிகர்களையும் மிஞ்சிய மூலவாதி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் ஆதியில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. 189-ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொது இடத்தில் பந்தயமும் வேகப் பரீட்சையும் கூடாது என்கிறது. கர்நாடக மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் கே-1000 போன்ற ராலிகளில் பெரும்பாலும் மண்ணும் சரளையுமே. காபித் தோட்டத்துப் பாதைகளில் தார் ஏது? ஆகவே தார்மேல் மோகம் கொண்ட பெங்களூர்க்காரன் தன் வண்டியை டிரெய்லரில் ஏற்றி, 1990-இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்கோ, கரிவரதன் நினைவாகக் கோவையருகே 2003 முதல் இயங்கும் தளத்துக்கோ கொண்டுபோக வேண்டியிருக்கிறது. சிலருக்கு இது மனக்குறை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது: பொதுச் சாலையில் எதிரே ஸ்கூட்டரில் வருகிறவன் இந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தவனல்லன்.

எஞ்சியிருப்பது ஏமாற்று ஒன்றே. எவல்யூஷன் என்ற பெயர்ப்பலகையை ஆசைக்கு ஒட்டிக்கொள்வது நடனின் கிரீடம். அதையே விலைபேசும் நாளில் சாசனமாகக் காட்டுவது திருட்டு. நகலை நகலென்று அறிந்து வாங்குபவன் நஷ்டமடைவதில்லை, அறியாமல் வாங்குபவனும் அவனுக்குப்பின் வாங்குபவனும் அடைகிறார்கள். காலம் செல்லச் செல்ல எது எதுவென்று சொல்லும் சாட்சிகளும் மறைந்துபோவார்கள். ஆதலால் இவ்வண்டிகளைக் கட்டும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேஸிஸ் எண்ணைத் தொடாதீர்கள்; அதனருகே ஒரு தகட்டில் உங்கள் பெயரையும், பெங்களூர் என்ற ஊரையும், கட்டி முடித்த வருஷத்தையும், எந்த என்ஜின் எங்கிருந்து வந்தது என்பதையும் பொறித்து வையுங்கள்; ஸ்பாய்லருக்குச் செலவிடுமுன் ரோல் கேஜுக்கும் பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் செலவிடுங்கள்.